கஞ்சா சோதனையும் கைவைத்தியங்களும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்துச் சிறிய டவுன் ஒன்றில் உள்ள ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். சீனி, கொலஸ்ட்ரோல், டெங்கு என்று வருகிறவர்களுக்கு நடுவே கஞ்சா சோதனைக்கு வருகிறவர்களும் உண்டு. வேன் ஓட்டுகிற தம்பிமார், ஹோட்டல் வேலைக்குச் சேரப் போகிறவர்கள், வெளிநாடு போக நிற்கிறவர்கள், சில வேளை மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு வரும் அம்மாமார். சிறுநீர்ப் போத்தலை வாங்கும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. பிறகு கடைத்தெருவில் கண்டால் மெல்லப் பக்கத்தில் வந்து, "அண்ணே, ஒரு விசயம் கேட்கவா?" என்பார்கள்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு பையன்தான் காரணம். சோதனைக்கு முந்திய இரவு, யாரோ சொன்னார்கள் என்று துணி வெளுக்கும் பிளீச்சைத் தண்ணீரில் கலந்து குடித்திருந்தான். வாயும் தொண்டையும் வெந்து போய், சோதனைக்கு வர வேண்டியவன் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தான். வயது 21. அவனுக்கு அந்த யோசனையைச் சொன்னவனும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டான். தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் இப்படித்தான் கதை பரவுகிறது. அதனால் என்னிடம் வந்த கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சோதனையில் அப்படி எதைத்தான் தேடுகிறார்கள்?

கஞ்சாவில் போதை தரும் பொருளுக்கு டி.எச்.சி என்று பெயர். அது இரத்தத்தில் கலந்ததும் ஈரல் அதை உடைத்து வேறு பொருளாக மாற்றும். சிறுநீர்ச் சோதனை தேடுவது அந்த மிச்சத்தைத்தான். அதற்குப் போதை கிடையாது. போதை இறங்கி நாட்கணக்கான பிறகும் அது உடம்பில் இருக்கும்.

இதில் ஒரு விசயம் புரிந்துவிட்டால் மற்றக் கேள்விகள் பாதி தீர்ந்துவிடும். சாராயம் தண்ணீரோடு கலந்து போகிற பொருள். இன்று குடித்தால் நாளைக்குள் பெரும்பாலும் போய்விடும். டி.எச்.சி அப்படியில்லை, அது கொழுப்போடு சேருகிற பொருள். எண்ணெய்ப் பிசுக்குச் சட்டியைப் பச்சைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். உடம்புக் கொழுப்பில் போய் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து சொட்டுச் சொட்டாகத் திரும்ப இரத்தத்துக்கு வரும். ஈரல் அதை உடைக்கும். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு மலத்தோடும், ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரோடும் வெளியே போகும். குடலுக்குப் போனதிலும் ஒரு பகுதி மறுபடி உறிஞ்சப்பட்டு உடம்புக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றும்.

அளவும் தெரிந்திருப்பது நல்லது. முதல்கட்டச் சோதனையில் ஒரு மில்லிலீற்றர் சிறுநீரில் 50 நனோகிராம் என்பதுதான் பல இடங்களிலும் வைத்திருக்கும் எல்லை. ஒரு கிராமை 100 கோடி பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நனோகிராம். இவ்வளவு சின்ன அளவைப் பிடிக்கிற சோதனையோடுதான் ஒரு கிளாஸ் தேசிக்காய்த் தண்ணீர் போட்டி போடப் போகிறது.

அப்படியானால் எத்தனை நாளில் போகும்?

எப்போதாவது ஒரு தடவை பாவித்தவருக்குச் சிறுநீரில் 1 முதல் 3 நாள் வரை தெரியும். வாரத்தில் சில தடவை என்றால் ஒரு வாரம் போல. தினமும் என்றால் 10 முதல் 15 நாள், அதற்கு மேலும் போகலாம். பல மாதமாக, ஒரு நாளைக்குப் பல தடவை என்று பாவித்தவருக்கு 30 நாள் தாண்டியும் காட்டும்.

"என் கூட்டாளிக்கு ஒரு கிழமையில் போய்விட்டதே" என்று பலர் சொல்கிறார்கள். போயிருக்கும், ஆனால் அது அவருடைய உடம்பு. எவ்வளவு காலம் பாவித்தார், எவ்வளவு வீரியமான சரக்கு, உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்பதையெல்லாம் பொறுத்து நாள் மாறும். ஒருவருடைய கணக்கை இன்னொருவர் தலையில் வைத்துப் பார்க்க முடியாது.

தேசிக்காய்ச் சாறு, வினாகிரி குடித்தால் இரண்டு நாளில் சுத்தமாகிவிடுமாமே?

இல்லை. இந்தப் பக்கம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். "புளிப்பு எல்லாவற்றையும் அறுக்கும்" என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. பித்தளைச் செம்பைப் புளி போட்டு விளக்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம். ஆனால் குடிக்கிற புளிப்பு கொழுப்புத் திசுவுக்குப் போய் எதையும் அறுப்பதில்லை. நீங்கள் எதைக் குடித்தாலும் இரத்தத்தின் அமிலத்தன்மையை 7.35க்கும் 7.45க்கும் நடுவில் உடம்பு இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும்.

வெறும் வயிற்றில் வினாகிரியை அரைக் கிளாஸ் கணக்கில் குடித்து வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் வெறும் தேத்தண்ணியோடு மலைக்கு ஏறி, நேரம் தப்பிச் சாப்பிட்டு, ஏற்கெனவே வயிற்றெரிவோடு இருக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த வயிற்றுக்குள் வினாகிரியை ஊற்ற வேண்டாம்.

வல்லாரைச் சாறு, பால், இளநீர், பேதிக்கு மருந்து எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். வல்லாரை நல்ல கீரை, சம்பல் போட்டுச் சாப்பிடுங்கள். பேதிக்குக் குடித்தால் தண்ணீரும் உப்பும் போகும், கொழுப்பில் இருப்பது அங்கேயே இருக்கும்.

பிளேன்டீ நிறையக் குடித்தால்? பச்சைத் தேயிலை என்றால்?

தேயிலையோடு பிறந்து வளர்ந்த நமக்கு இதை நம்ப ஆசை வருவது இயற்கை. தேயிலையில் உள்ள கஃபீன் அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும், அவ்வளவுதான். பச்சைத் தேயிலை 'உடம்பைச் சுத்தப்படுத்தும்' என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறார்கள். கஞ்சாவின் மிச்சத்தைப் பிடித்து வெளியே தள்ளும் எதுவும் அதில் இல்லை. 'டிடொக்ஸ்' என்று இணையத்தில் ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் பானங்களும் அப்படித்தான். ஒருவர் அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து அதை வாங்கியிருந்தார். போத்தலைத் திருப்பிப் படித்தேன். சீனி, விட்டமின், நிறம்.

சரி, வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால்?

இந்த ஒன்றில் மட்டும் கொஞ்சம் உண்மை ஒட்டியிருக்கிறது, அதனால்தான் கதை சாகாமல் இருக்கிறது. தண்ணீர் அதிகம் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போகும். உடம்பிலுள்ள டி.எச்.சி குறையாது, போத்தலுக்குள் எல்லாமே ஐதாகும். எல்லாமே என்பதைக் கவனியுங்கள். தசையிலிருந்து தினமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வரும் கிரியேட்டினின் என்ற பொருளும் சேர்ந்து குறைந்துவிடும். ஒழுங்காகச் செய்யும் ஆய்வுகூடம் அதையும் அளக்கும். ஒரு டெசிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போய், சிறுநீரின் அடர்த்தியும் தண்ணீருக்குக் கிட்ட வந்துவிட்டால் 'நீர்த்த மாதிரி' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுபடி வரச் சொல்வார்கள், சில வேளை முன்னறிவித்தல் இல்லாமல், பக்கத்தில் ஆள் நிற்க வைத்து.

ஆபத்தும் இருக்கிறது. சிறுநீரகம் தள்ளக்கூடியது மணிக்கு ஒரு லீற்றர் அளவுதான். அதற்கு மேல் மடமடவென்று குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். முதலில் தலையிடி, குமட்டல், பிறகு குழப்பம், வலிப்பு. தண்ணீர் குடித்து ஆள் சாகுமா என்று சிரிக்காதீர்கள், செத்திருக்கிறார்கள்.

வேர்த்துக் கொட்டினால் போய்விடும் என்று சிவனொளிபாத மலை ஏறச் சொல்கிறார்களே?

நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படி, உச்சி 2,243 மீற்றர். ஏறினால் வேர்க்கும், மனதுக்கும் நல்லது. வேர்வையில் போகும் டி.எச்.சி மிகக் கொஞ்சம்.

உடற்பயிற்சி பற்றி 2013இல் ஓர் அவுஸ்திரேலிய ஆய்வு வெளிவந்தது. வழமையாகக் கஞ்சா பாவிக்கும் 14 பேரை 35 நிமிடம் நின்ற இடத்துச் சைக்கிள் மிதிக்க வைத்து இரத்தத்தைப் பார்த்தார்கள். டி.எச்.சி குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. கொழுப்பு எரியும்போது அதில் ஒளிந்திருந்தது இரத்தத்துக்கு இறங்குகிறது. பட்டினி கிடந்தாலும் கொழுப்பு இப்படித்தான் கரையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிசம்பர் போயா முதல் வெசாக் வரையான சீசனில் ஹட்டன் பாதையில் பொலிஸார் மோப்ப நாயோடு நிற்பார்கள். மலைக்குப் போகிற வழியில் பொக்கெட்டில் ஒரு சுருளோடு பிடிபட்டு, சாமி கும்பிடப் போனவன் நீதிமன்றத்தில் நின்ற கதைகள் ஒவ்வொரு வருடமும் பேப்பரில் வருகின்றன.

பார்மசியில் விட்டமின் மாத்திரை விற்கிறார்கள், அதை நிறையப் போட்டால் சரியாகும் என்றார்கள்.

நயசின் என்ற பி விட்டமினைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தயவு செய்து வேண்டாம். 2007இல் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் அறிக்கை எழுதினார்கள். சோதனையை ஏமாற்ற நயசினை அளவுக்கு மீறி விழுங்கிய நான்கு பேரைப் பற்றியது, அதில் பதின்ம வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். இரத்தத்தில் சீனி இறங்கி, ஈரல் பாதிக்கப்பட்டு, உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் அவர்களில் உண்டு. சோதனையில் அது எந்த உதவியும் செய்யாது.

பிளீச், குளோரின் தூள், டெட்டோல், சவர்க்காரத் தண்ணீர் இவற்றை வாய்க்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வரும் வழியிலும் அது வேக வைக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், என்ன குடித்தார் என்று அந்தப் போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். டொக்டரிடம் காரணத்தை மறைக்க வேண்டாம்.

போத்தலுக்குள் எதையாவது கலந்தால்? தம்பியின் சிறுநீரைக் கொடுத்தால்?

உப்பு, பிளீச், சவர்க்காரம் எது போட்டாலும் நிறம், மணம், நுரை, அமில அளவு ஏதாவதொன்று காட்டிக்கொடுக்கும். கலப்படத்தைக் காட்டுவதற்கென்றே தனிச் சோதனைக் கீற்றுகள் இருக்கின்றன. உடம்பிலிருந்து அப்போதுதான் வந்த சிறுநீர் 32 முதல் 38 பாகை செல்சியஸ் வரை சூடாக இருக்கும், வாங்கியதும் அதையும் பார்ப்பார்கள்.

பிடிபட்டால் 'கஞ்சா பாவித்தவர்' என்பதோடு 'ஏமாற்றியவர்' என்றும் ஆகிவிடும். முதலாவதை மன்னித்து இன்னொரு சந்தர்ப்பம் கொடுக்கிற முதலாளிமார் உண்டு. இரண்டாவதுக்கு யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. தம்பியையும் இதில் மாட்டிவிடாதீர்கள்.

வீட்டில் கிட் வாங்கிப் பார்த்தேன். கோடு மங்கலாக விழுந்தது. அப்படியென்றால் கொஞ்சம் இருக்கிறதா?

இந்தக் கேள்வியோடு ஒரு தாய் அழுதுகொண்டே வந்தார். மகன் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறான், கோட்டைத் தப்பாகப் படித்துவிட்டு அவனை இரண்டு நாள் வீட்டுக்குள் சேர்க்கவில்லை.

கர்ப்பச் சோதனைக் கீற்றுக்கும் இதற்கும் கோட்டின் அர்த்தம் தலைகீழ். கர்ப்பச் சோதனையில் இரண்டாவது கோடு விழுந்தால் 'ஆம்'. கஞ்சாக் கீற்றில் இரண்டாவது கோடு விழுந்தால் 'இல்லை'. சிறுநீரில் அந்தப் பொருள் எல்லையைத் தாண்டி இருந்தால்தான் அந்தக் கோடு விழாமல் தடுக்கப்படும். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான், 'இல்லை' என்றே வாசிக்க வேண்டும். மேலே உள்ள கட்டுப்பாட்டுக் கோடே விழவில்லை என்றால் கீற்று பழுது, வேறொன்று எடுங்கள். பெட்டியில் சொன்ன நிமிடத்துக்குள் பாருங்கள். மேசையில் கிடந்த கீற்றை அடுத்த நாள் காலையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்வது பிழை.

பக்கத்துக் காம்பராவில் புகைக்கிறார்கள். சுவர் கூரைவரை இல்லை, புகை எங்கள் பக்கம் வருகிறது. எனக்கும் காட்டுமா?

அநேகமாகக் காட்டாது. 2015இல் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். காற்றோட்டமே இல்லாத மூடிய அறையில், பலர் ஒரே நேரத்தில் விடாமல் புகைக்க, புகைக்காதவர்களையும் கூடவே உட்கார வைத்தார்கள். அப்போதுகூட 50 நனோகிராம் எல்லையைத் தாண்டியது அரிதாகவே நடந்தது, அதுவும் சில மணி நேரத்துக்குத்தான். காற்றோட்டம் கொடுத்ததும் யாருக்கும் தாண்டவில்லை. லயத்துச் சுவர் வழியாக வரும் புகை அந்த அளவுக்கு வராது. ஆனால் குழந்தை தூங்கும் அறைக்குள் புகை வருவது வேறு பிரச்சினை, அதை அவர்களிடம் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நான் பாவிக்கவே இல்லை. ஆனால் 'பொசிட்டிவ்' என்று வந்துவிட்டது. என்ன செய்வது?

இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். உண்மையில் பாவிக்காத ஒருவர், எதிர்த்துக் கேட்கத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு வேலையை விட்டுப் போனதைக் கண்டிருக்கிறேன். தோட்டத்தில் வளர்ந்த நமக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எழுதியது தப்பாக இருக்கும் என்று சொல்லப் பழக்கமில்லை.

கீற்றுச் சோதனை முதல்கட்டம் மட்டுமே. உருவத்தில் நெருக்கமான வேறு பொருளையும் சில வேளை அது கஞ்சா என்று எடுத்துக்கொள்ளும். எய்ச்.ஐ.விக்குக் கொடுக்கும் எஃபாவிரென்ஸ் என்ற மருந்துக்கு அப்படி நடந்திருக்கிறது. வயிற்றெரிவுக்குக் கொடுக்கும் பென்டோபிரசோல் மருந்தின் தகவல் தாளிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. அதனால் சோதனைக்கு முன் நீங்கள் எடுக்கும் மருந்துகளை எல்லாம் சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள். பனடோல், வெற்றிலை பாக்கு, சிகரட், சாராயம் இவற்றால் கஞ்சாக் கீற்றில் 'பொசிட்டிவ்' வராது.

முடிவு சந்தேகமாக இருந்தால் உறுதிப்படுத்தும் சோதனை கேளுங்கள். ஜீ.சி.எம்.எஸ் போன்ற கருவியில் பொருளைத் தனியாகப் பிரித்து அடையாளம் காண்பார்கள், அதில் இந்த மாதிரிக் குழப்பம் வராது. கேட்பது எதிர்ப்பு ஆகாது. "உறுதிப்படுத்தும் சோதனைக்கு அனுப்புங்கள், அதுவரை முடிவெடுக்க வேண்டாம்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியிலும் தெரியாமல் உள்ளே போகலாம். மதன மோதகம் என்று உருண்டையாக விற்கிறார்களே, அதில் கஞ்சா சேருகிறது. ஆயுர்வேதத்தில் கஞ்சாவுக்கு இடமிருக்கிறது, பதிவு பெற்ற வைத்தியர்கள் சட்டப்படி அதை மருந்தில் சேர்க்கலாம். கடையில் உறை போட்டுத் தொங்கும் உருண்டை அதுவல்ல. "சமிபாட்டுக்கு நல்லது" என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடக் கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிட்டவருக்கு 'பொசிட்டிவ்' வந்தால் அது கீற்றின் பிழையல்ல.

வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு எச்சிலில் பார்க்கிறார்களாமே. ஏலக்காய் மென்றால் தப்பலாமா?

ஏலக்காய் வாய் மணத்தை மாற்றும். எச்சில் சோதனை மணத்தைப் பார்ப்பதில்லை. அது அண்மையில் பாவித்ததா என்று பார்க்கிறது, ஒரு நாள் போல, சிலருக்கு அதற்கு மேலும் தெரியும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மதுவோ போதைப்பொருளோ பாவித்துவிட்டு வாகனம் ஓட்டுவது குற்றம். கஞ்சாவின் விசயத்தில் பாவித்தவருக்கே தான் மெதுவாகிவிட்டது தெரியாமல் போகலாம், 'நிதானமாகத்தான் ஓட்டுகிறேன்' என்று நினைக்கலாம். ரம்பொடை வளைவில், மூடுபனியில், எதிரே பஸ் வரும்போது பிரேக்கில் கால் போக அரை வினாடி பிந்தினால் போதும். என் அம்மா இன்றும் அந்தப் பாதையில் பஸ்ஸில் போய் வருகிறார். சாரதித் தம்பிமாரிடம் இதை நான் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

டுபாய் போகிறேன். போன கிழமை பாவித்தேன். அங்கே போய்விட்டால் பிரச்சினை இல்லைதானே?

இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் போதைப்பொருளைக் கையில் வைத்திருப்பது மட்டும் குற்றமல்ல, சிறுநீரில் இருந்தாலும் பாவித்த குற்றமாக எடுத்துக்கொள்ள முடியும். முகவர் "ஒன்றும் ஆகாது" என்பார், வழக்கு வந்தால் அவர் வரமாட்டார். உண்மையான வழி, பயணத்தைப் பின்போட்டுவிட்டு நிறுத்துவதுதான். வீட்டில் கடன் பட்டு டிக்கெட் எடுத்திருந்தாலும் ஒரு மாதம் பிந்துவது சிறையை விட நல்லது.

நிறுத்த நினைக்கிறேன். நிறுத்தினால் தூக்கமே வருவதில்லை. யாரிடம் போவது?

தினமும் பாவித்தவர் நிறுத்தினால் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை, பயங்கரக் கனவு, வேர்வை எல்லாம் வரும். முதல் கிழமைதான் கடுமை. பிறகு இறங்கும், இரண்டு கிழமையில் பெரும்பாலும் அடங்கும், தூக்கம் மட்டும் சரியாக இன்னும் கொஞ்ச நாள் எடுக்கலாம். இது பைத்தியமல்ல, பலவீனமும் அல்ல. பலர் மூன்றாம் நாளே மறுபடி பாவிக்கத் தொடங்குவது இந்த அவஸ்தை தீராது என்று நினைத்துத்தான். எப்போது தீரும் என்று தெரிந்தால் தாங்கலாம். அந்த நாட்களில் பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்க வேண்டாம், தூக்கத்துக்குச் சாராயம் வேண்டவே வேண்டாம். பழைய கூட்டாளிகள் கூடும் இடத்துப் பக்கம் இரண்டு கிழமை போகாமல் இருங்கள்.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு எடுக்கலாம். கண்டியில் அவர்களுடைய சிகிச்சை நிலையம் ஒன்றும் இருக்கிறது. மனம் மிகவும் சோர்ந்து போனாலோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ தேசிய மனநல உதவி இலக்கம் 1926. எடுத்தவுடன் சிங்களத்தில் பேசினால் வைத்துவிடாதீர்கள், "தமிழில் பேச ஒருவரைத் தாருங்கள்" என்று கேளுங்கள். பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது, காசு எடுப்பதில்லை. தனியாகப் போக வெட்கமாக இருந்தால் யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். என்னைக் கேட்ட இரண்டு பேரோடு நானே போயிருக்கிறேன், காலை முதல் பஸ்ஸில் போய்ப் பகல் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டோம்.